காட்டு ஓடையின் மீன்களும் நாமும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா தொலைபேசியில் கேட்டபோது, "நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுமன்" என்றார். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய வைத்தியர்கள் இந்த மண்டபத்திலேயே பத்துப் பேராவது இருக்கிறார்கள். ஆகவே, சிங்கராஜ வனத்து ஓடைகளில் வாழும் மீன்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி, உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்றார். அந்தத் துணிச்சலுக்கு அவருக்கு முதலில் நன்றி.

வைத்தியருக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. சிங்கராஜ வனத்தின் தெற்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய வைத்தியசாலையில் நான் சில ஆண்டுகள் வேலை செய்தேன். வந்த நோயாளர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள், அல்லது காட்டின் ஓரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிங்களக் குடும்பத்தினர். அவர்கள் குளிப்பதும் துவைப்பதும் பல இடங்களில் குடிப்பதும் காட்டிலிருந்து இறங்கி வரும் ஓடைத் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பற்றி அக்கறைப்படத் தொடங்கியபோதுதான் அதிலே யார் வாழ்கிறார்கள் என்றும் பார்க்கத் தொடங்கினேன்.

நமக்கு மீன் என்றால் கடல் மீன். பாரை, விளை, ஒட்டி, ஓரா, திரளி, சூடை என்று வீட்டுத் திண்ணையில் கூடை இறங்கும்போதே பெயர் சொல்லிவிடுவோம். ஆறு என்று சொல்ல நம் குடாநாட்டில் மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறுதான் உண்டு. குளத்து விராலையும் கெழுத்தியையும் தவிர நன்னீர் மீன் நம் கண்ணிலே படுவதில்லை. எங்கள் விலங்கியல் ரீச்சர் சந்தையில் வாங்கி வந்த மீனின் செவுளைத் தூக்கி, உள்ளே சிவந்திருக்கும் பூவைக் காட்டி, "இதுதான் பிள்ளையள் அதின்ரை சுவாசப்பை. தண்ணி கெட்டால் முதலில் கெடுறது இதுதான்" என்பார். ஆய்வுகூடத்தில் பாதிச் சாமான்கள் இல்லாத காலம் அது. ஆனால் அந்த ஒரு வசனம் எனக்கு வைத்தியக் கல்லூரியிலும் உதவியது, சிங்கராஜவிலும் உதவியது.

முதலில் அந்தக் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கராஜ வனம் இரத்தினபுரி, காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அகலம் 7 கிலோமீற்றருக்கு மேல் இல்லை. உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது அதன் பரப்பு 8,864 ஹெக்டயர். ஆண்டுதோறும் மழை 3,000 மில்லிமீற்றருக்கும் மேலே பெய்கிறது, சில ஆண்டுகளில் 5,000 வரை போகும். நம் ஊருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையைப் போல மூன்று நான்கு மடங்கு. அந்த மழைதான் வடக்கே களு கங்கைக்கும் தெற்கே ஜின் கங்கைக்கும் நூற்றுக்கணக்கான ஓடைகளாக இறங்குகிறது.

இந்தக் காடு இன்று இருப்பதே ஒரு போராட்டத்தினால்தான். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இங்கே இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். விஞ்ஞானிகளும் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். 1977இல் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1978இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கிடமாகியது. 1988இல் உலக மரபுரிமையாகியது. அதன் பிறகு அங்கே நடந்த ஆய்வுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை சாவித்திரி குணதிலக்கவுக்கும் அவருடைய கணவர் பேராசிரியர் நிமல் குணதிலக்கவுக்கும் பெரிய பங்கு உண்டு. பெண் பிள்ளைகள் காட்டுக்குள் போய் என்ன செய்வது என்று கேட்கும் அம்மாமார் யாராவது இங்கே இருந்தால், அவருடைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மீன்களுக்கு வருகிறேன். இலங்கையில் ஏறத்தாழ நூறு வகை நன்னீர் மீன்கள் இயற்கையாக வாழ்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை, உலகில் வேறெங்கும் இல்லை. அந்தப் பாதியிலும் பெரும்பகுதி தென்மேற்கு ஈரவலயத்தின் ஓடைகளில்தான் இருக்கிறது. ஒரு விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். சட்டிக்கு உதவாது. அதனாலேயே அவற்றைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

என்னை இதற்குள் இழுத்துவிட்டது ஒரு தோட்டத்துப் பையன். கல்லில் வழுக்கி விழுந்து நெற்றியில் தையல் போட வந்தவன் கையில் ஒரு ஜாம் போத்தலை விடாமல் பிடித்திருந்தான். உள்ளே மூன்று சிவப்பு மீன்கள். கூட வந்த பாட்டி, "டாக்டரம்மா, இவன் பள்ளிக்கூடம் போறதவிட ஆத்துக்குப் போறதுதான் அதிகம்" என்று முறையிட்டார். என்ன மீன் என்று கேட்டேன். தமிழ்ப் பையன் சிங்களத்தில் பதில் சொன்னான்: "லே திட்டையா." லே என்றால் இரத்தம். தையல் போட்டு முடித்ததும் அந்த மீன்களை எடுத்த இடத்திலேயே விடச் சொல்லி அனுப்பினேன். விட்டானோ தெரியாது.

அந்த லே திட்டையாவைத்தான் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் மீன் தொட்டிக் கடைகளில் 'செரி பார்ப்' என்று விற்கிறார்கள். உங்களில் சிலருடைய வீட்டு வரவேற்பறையிலேயே அது நீந்திக்கொண்டிருக்கக்கூடும். அதன் சொந்த ஊர் நம் நாட்டின் தென்மேற்கு ஓடைகள்தான். 1929இல் பி. ஈ. பி. தெரணியகல அதை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தி, கிராமத்தவர் சொன்ன திட்டையா என்ற பெயரையே அதன் விஞ்ஞானப் பெயரில் வைத்தார். 1930இல் அவர் விவரித்த இன்னொரு மீன் ஹல்மல் தண்டியா. ஹல் என்பது அந்தக் காட்டின் பெரிய மரம். ஊர்மக்கள் அதன் விதையை மாவாக்கிச் சாப்பிடுவார்கள். அந்த மரத்தின் பூவின் பெயர் மீனுக்கு. புலத் ஹப்பயா என்றொரு மீன் உண்டு, வெற்றிலை சப்புபவன் என்று பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் முகமும் முன்னுடலும் சிவந்துபோகும், வாய் நிறைய வெற்றிலை போட்டவர் போல. பெயர் வைத்தவர்களின் கண்ணைப் பாருங்கள்.

1991இல் இலங்கையின் நன்னீர் மீன்களைப் பற்றி ஒரு முழுமையான நூலை ரொஹான் பெத்தியாகொட வெளியிட்டார். அவர் விலங்கியல் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். உயிர்மருத்துவப் பொறியியலாளராகச் சுகாதார அமைச்சில் வேலை செய்தவர். வைத்தியசாலை இயந்திரங்களைப் பார்த்த மனிதர் ஓடைக்கு இறங்கி, ஒரு நாட்டின் மீன்களைப் பதிவுசெய்தார். 2023இல் லே திட்டையாவுக்குத் தனிப் பேரினம் ஒன்றை அமைத்த ஆய்வாளர்கள் அதற்கு ரொஹானெல்லா என்று அவர் பெயரையே இட்டார்கள். ஆர்வம் இருந்தால் எந்தத் தொழிலில் இருந்தும் இந்தப் பக்கம் வரலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு சிறிய ஓடையில் இத்தனை வகை மீன்கள் எப்படி ஒன்றாக வாழ்கின்றன? 1984இல் மொயில், சேனாநாயக்க என்ற இரு ஆய்வாளர்கள் இதே கேள்வியோடு இலங்கையின் மழைக்காட்டு ஓடைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இதுதான்: ஒவ்வொரு மீனுக்கும் இருக்கும் இடம் வேறு, உண்ணும் உணவு வேறு, அதற்கேற்ற வாயும் உடலும் வேறு. கல்லில் ஒட்டியபடி பாசியைச் சுரண்டித் தின்னும் கல் பாண்டியா வேகமான நீரில். மணலுக்குள் புதைந்து இரை தேடும் அயிரை அடியில். மேற்பரப்பில் விழும் பூச்சிகளைப் பிடிக்கும் மீன்கள் மேலே. இலைக் குப்பைக்குள் ஒளிந்திருப்பவை ஓரத்தில். ஒரே வீட்டில் பத்துக் குடும்பம் சண்டையின்றி இருப்பது போல. ஆனால் இதற்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இப்படிப் பழகிய மீனுக்கு அந்த ஓர் இடம் போனால் பக்கத்து இடத்தில் வாழத் தெரியாது. மணலை அள்ளினால் அயிரை போய்விடும். கல்லைச் சேறு மூடினால் கல் பாண்டியா போய்விடும்.

அந்த ஓடைக்குச் சோறு போடுவது காடு. மேலே மரங்கள் கூடாரமாக மூடியிருப்பதால் வெயில் நீரில் அதிகம் படுவதில்லை. ஆகவே பாசியும் நீர்த்தாவரமும் குறைவு. மரத்திலிருந்து விழும் எறும்பு, வண்டு, பூ, இலை, அந்த இலையைத் தின்று வளரும் சின்னப் பூச்சிகள், இவைதான் மீனுக்கு உணவு. நிழல் நீரைக் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். ஆகவே கரையோர மரத்தை வெட்டினால் மீனின் உணவும் நிழலும் மூச்சும் ஒரே நாளில் குறைகின்றன. நீரில் யாரும் கை வைக்காமலே மீன் அழியும்.

தாய்மாருக்காக ஒரு மீனைச் சொல்கிறேன். நம் குளத்து விராலின் சிறிய உறவு, சன்னா ஒறியன்டாலிஸ், சிங்களத்தில் கொலகனயா. இடுப்புச் செட்டையே இல்லாத விரால் அது. முட்டைகளைத் தகப்பன் வாயில் அள்ளி வைத்துக்கொண்டு அடைகாக்கும். குஞ்சு பொரித்த பின்னரும் ஆபத்து வந்தால் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். பிரசவ விடுதியில் வேலை செய்த நாட்களில் இந்தத் தகப்பனைப் பற்றிப் பல தகப்பன்மாருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி உரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காட்டுக்கு எல்லை போடலாம். மரம் அந்த எல்லைக்குள் நிற்கும். ஓடை நிற்காது. அது எல்லையைத் தாண்டி ஓடும், சில இடங்களில் எல்லைக்கு வெளியே பிறந்து உள்ளே வரும். ஆகவே காட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்பதால் மீனைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஆகாது.

இதற்குச் சரியான சாட்சி உழுவை மீன்கள். சிக்கியோப்பஸ் ஜொங்க்ளாசி என்ற சிவந்த உதட்டு உழுவை ஒன்று இருக்கிறது. நீலக்கோடு மின்னும் இன்னொன்று ஸ்டிபொடன் இனத்தைச் சேர்ந்தது. இவை முட்டையிடுவது தெளிந்த ஓடையில். பொரித்த குஞ்சுகளை நீரோட்டம் ஆற்றின் வழியே கடலுக்கு அடித்துச் செல்லும். அங்கே சில காலம் வளர்ந்து, திரும்பவும் ஆற்று முகத்தால் நுழைந்து மேலே ஏறி வரும். இடுப்புச் செட்டைகள் இரண்டும் சேர்ந்து உறிஞ்சு கிண்ணம் போல் இருப்பதால் ஈரப் பாறைகளையும் பற்றி ஏறும். இவ்வளவு பாடுபட்டு வரும் மீனை ஓர் அணைக்கட்டு நிறுத்திவிடும். ஈரவலய ஓடைகள் பலவற்றில் சிறு நீர்மின் திட்டங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அணையில் மறித்த நீரை வாய்க்காலிலும் குழாயிலும் கொண்டுபோய்க் கீழே மின் உற்பத்தி நிலையத்தில் விடுகிறார்கள். நடுவில் உள்ள ஓடைப் படுக்கை கோடையில் வெறுங்கல்லாகக் கிடக்கும். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாத இரவில் சத்திரசிகிச்சை செய்த தலைமுறை நாங்கள். ஆனால் படுக்கையில் எப்போதும் ஓட வேண்டிய அளவு நீரை விடுவதும், மீன் ஏற வழி வைப்பதும் செய்யக்கூடிய காரியங்கள். கட்டும்போதே கேட்க வேண்டும், கட்டிய பின் கேட்டால் கிடைக்காது.

அடுத்தது தேயிலை. நம் நாட்டுத் தேயிலையில் பாதிக்கு மிகக் கூடுதலான பங்கைச் சிறு தோட்ட உரிமையாளர்களே தருகிறார்கள். காட்டின் ஓரத்தில் ஓடைக் கரை வரைக்கும் கொழுந்துச் செடி நிற்கும். களைநாசினி அடித்த நிலம் மொட்டையாகி மழையில் கரைந்து ஓடைக்கு வரும். அந்தச் சேறு மீனின் பூவை அடைக்கும், கற்களுக்கு இடையே முட்டை ஒட்டும் இடத்தை மூடும். களைநாசினியில் இலையில் ஒட்டுவதற்காகக் கலக்கும் சோப்புப் போன்ற பொருட்களும் நீர்வாழ் உயிர்களுக்குக் கெடுதல். 2015இல் கிளைபோசேற் தடை செய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2021இல் இரசாயன உரமும் நாசினியும் ஒரே இரவில் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. இடையில் நொந்துபோனவர்கள் என் நோயாளர்கள். மக்களைத் தயார்ப்படுத்தாமல் செய்யும் நல்ல காரியமும் நிலைக்காது.

இதே விடயத்தில் நாம் நன்றாகச் செய்த ஒன்றும் உண்டு, அதை வைத்தியராகச் சொல்லியே ஆக வேண்டும். 1995இல் இலங்கையில் தற்கொலை ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. மிகப் பலர் இறந்தது பூச்சிநாசினியால். அந்த ஆண்டிலிருந்து கொடிய நாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1998இல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாற், டைமெதொயேற், பென்தியோன். இறப்புகள் பாதிக்கும் கீழே வந்தன. விளைச்சல் குறையவில்லை. அந்த எண்டோசல்பான் மீனுக்கும் பெரும் நஞ்சு. மனிதரைக் காப்பாற்றச் செய்த சட்டம் ஓடையையும் காப்பாற்றியது. மனித சுகாதாரம் வேறு, சூழல் வேறு என்று இரண்டு கோப்புகளில் வைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

மறுபக்கமும் உண்டு. நுளம்பை ஒழிக்கக் கப்பி மீனை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் சுகாதாரத் துறையே. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததில் நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் கப்பி தொட்டியோடு நிற்கவில்லை. இன்று நாட்டின் பல ஓடைகளில் அது பெருகிக் கிடக்கிறது. கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் டெங்குக்காக விடுங்கள், ஓடையிலும் குளத்திலும் விடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வீட்டுத் தொட்டியில் வளர்ந்து பெருத்துவிட்ட கத்தி மீனையும் தொட்டி துப்புரவாக்கும் மீனையும் பாவம் பார்த்து ஆற்றில் விடுபவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்தப் பாவம் ஓடையின் மீன்களுக்குத்தான் போய்ச் சேரும்.

இன்னொரு கடினமான கதையையும் தவிர்க்க முடியாது. 2020 ஆகஸ்டில் சிங்கராஜவின் ஓரமாக லங்காகம ஊடாகச் செல்லும் பாதை அகலமாக்கப்பட்டபோது நாடெங்கும் பெரிய வாக்குவாதம் எழுந்தது. காடு போகிறதே என்று ஒரு பக்கம். எங்கள் நோயாளியை எப்படி வைத்தியசாலைக்குக் கொண்டு போவது என்று மறுபக்கம். அந்த இரண்டாவது கேள்வியை முகநூலில் கேட்டவர்கள் குறைவு. நான் அதை நோயாளர் விடுதியில் கேட்டவள். நோவு தொடங்கிப் பல மணி நேரம் கழித்து, சேற்றுப் பாதையில் முச்சக்கரவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கர்ப்பிணிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் மீனுக்காகப் பாதை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் பாதை போடுவதிலும் வகை இருக்கிறது. மதகை ஓடைப் படுக்கையின் மட்டத்துக்கு வைத்தால் மீன் ஏறும், ஒரு முழம் உயர்த்தி வைத்தால் அந்த ஓடை அன்றோடு இரண்டாகும். மழைக்காலத்தில் மண் வெட்டினால் சேறு முழுவதும் நீரில், வெயில் நாளில் வெட்டினால் பாதியாவது மிஞ்சும். அகலம் நோயாளர் வண்டிக்குப் போதுமா, சுற்றுலாப் பேருந்துக்கு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யலாம். இவற்றைக் கேட்க ஒரு பொறியியலாளர் வேண்டும். இந்த மண்டபத்தில் எத்தனை பெண் பொறியியலாளர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

ஏழை மக்கள் காட்டின் எதிரிகள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு மீனின் கதை. கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமட என்ற ஊர். அங்கே ஒரேயொரு சிற்றோடையில் கண்டெடுக்கப்பட்ட மீனுக்கு, அதைக் கண்டவரின் பெயராலே பந்துல என்று 1991இல் பெயரிட்டார்கள். அந்த ஓடை எந்த வனத்துக்குள்ளும் இல்லை. வயலுக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் நடுவே ஓடுகிறது. மிக ஆபத்தான நிலையில் இருக்கும் அந்த மீன் இன்றும் இருக்கிறதென்றால், அந்த ஊர்மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்துக்கொண்டதனால்தான். அங்கே காவலர் இல்லை, வாயிற்கதவு இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. "இது எங்கட மீன்" என்ற எண்ணம் இருக்கிறது. சிங்கராஜவைச் சுற்றியுள்ள தமிழ், சிங்களத் தோட்டத்து மக்களுக்கும் அந்த எண்ணம் வர வேண்டும். வர வைப்பது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வேலை மட்டும் அல்ல.

இவ்வளவும் கேட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துப் பாடசாலையின் பழைய மாணவிகள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நான்கு காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது வெளிநாட்டில் இருக்கும் அக்காமாருக்கு. உங்கள் பிள்ளைகளுக்கு மீன் தொட்டி வாங்கும்போது, இந்த மீன் பண்ணையில் வளர்த்ததா, ஓடையில் பிடித்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். செரி பார்ப் போன்றவற்றைப் பண்ணையில் எளிதாக வளர்க்கிறார்கள், ஆகவே கேட்பதில் யாருக்கும் நட்டம் இல்லை. கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால்தான் கடைக்காரர் யோசிப்பார். அதோடு அந்தப் பிள்ளைக்கு அந்த மீனின் ஊரையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இலங்கையில் பிறந்த கடைசி ஆள் நீங்களாக இருந்தாலும், தொட்டிக்குள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

இரண்டாவது, நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகளை ஆண்டுக்கு ஒரு தடவை சிங்கராஜவுக்கு அனுப்ப வேண்டும் என்று சங்கத்துக்கு முன்மொழிகிறேன். வடக்கே குடாவ வழியாகவும் தெற்கே தெனியாயப் பக்கம் பிட்டதெனிய வழியாகவும் உள்ளே போகலாம், வழிகாட்டிகள் உண்டு. அட்டைக் கடிக்குப் பயப்பட வேண்டாம், நான் மருந்து தருகிறேன். பாடப்புத்தகத்தில் படித்த மழைக்காட்டை ஒரு நாள் நனைந்து பார்த்த பிள்ளை அதை மறக்க மாட்டாள். அங்கே தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளையும் சந்தித்துப் பேச ஒழுங்கு செய்தால் இரட்டை நன்மை.

மூன்றாவது நம் ஊருக்கு. நம் குளங்களிலும் கேணிகளிலும் வழுக்கையாற்றிலும் என்னென்ன மீன்கள் இருக்கின்றன, எந்தப் பெயரால் நம் கிழவிமார் அவற்றை அழைத்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குவோம். விஞ்ஞான மன்றம் அதைப் பொறுப்பெடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு தடவை அதே குளத்தில், அதே மாதத்தில் பார்த்து எழுதினால், பத்து ஆண்டில் அது பெரிய ஆவணம். என்ன இருந்தது என்று எழுதி வைக்காத ஊரில் என்ன போனது என்று யாருக்கும் தெரியாது.

நான்காவது தண்ணீர். நமக்கு ஓடை இல்லை, சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் கிணற்று நீர்தான் இருக்கிறது. சுன்னாகப் பகுதியில் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி வந்தபோது நாம் பட்ட பதற்றம் நினைவிருக்கும். அதற்கு முன்பும் பின்பும் நம் தோட்டங்களில் போடும் உரம் சத்தமில்லாமல் அதே நீருக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓடையில் மீன் செத்து மிதந்தால் கண்ணுக்குத் தெரியும். கிணற்று நீரில் நமக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே உரத்தின் அளவைக் குறைப்பதும், கிணற்று நீரை முறையாகப் பரிசோதிப்பதும் நம் வேலை. வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் கட்டாயம் பரிசோதியுங்கள்.

மாணவச் செல்வங்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்களில் பலர் வைத்தியராக வர ஆசைப்படுகிறீர்கள். நல்லது, வாருங்கள், எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. ஆனால் வெட்டுப்புள்ளி ஒன்றிரண்டால் தவறினால் வாழ்க்கை முடிந்தது என்று அழாதீர்கள். ஓடையில் இறங்கி மீனை எண்ண, அதற்குத் தமிழிலே பெயர் வைக்க, மதகைச் சரியான மட்டத்தில் கட்ட, நாசினிச் சட்டத்தை எழுத இந்த நாட்டுக்குப் பெண்கள் வேண்டும். அவர்களும் உயிரைக் காப்பாற்றுபவர்கள்தான்.